ஒரே தூசு, வெவ்வேறு நுரையீரல்

தேயிலை சலிக்கும் அறையில் பல ஆண்டு அருகருகே நின்று வேலை பார்த்த இருவரில் ஒருவருக்கு இளைப்பு வந்துவிடுகிறது. மற்றவர் ஓய்வு பெறும்வரை தும்மலோடு தப்பித்துவிடுகிறார். ஒரே லயத்து வீட்டில் அண்ணனுக்குக் காசநோய், தம்பியின் எக்ஸ்ரேயில் ஒரு புள்ளிகூட இல்லை. கேமரன் மலையில் கம்போங் ராஜாவைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கு மட்டும் உரிய புதிர் அல்ல இது. ஹட்டனிலும் வால்பாறையிலும் குன்னூரிலும் இதே கேள்வி எழுந்திருக்கிறது. காற்று ஒன்று, கூலி ஒன்று, சோறும் ஏறக்குறைய ஒன்று. நோய் மட்டும் ஏன் ஆள் பார்த்து வருகிறது?

இதற்குச் சொல்லப்பட்ட பதில்கள் நூற்றைம்பது ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கின்றன. அண்மைக்காலப் பதில்களுள் ஒன்று, நுரையீரலின் நுண்ணறைகளைப் பூசியிருக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற படலத்தின் புரதங்களில் காரணத்தைத் தேடுகிறது. அந்தப் புரதங்களை எழுதும் மரபணுக்கள் ஆளுக்கு ஆள் சிறிது வேறுபடுகின்றன. அந்த வேறுபாடே சிலரைக் காக்கிறது, சிலரைக் கைவிடுகிறது என்பது வாதம். வாதத்தின் ஒரு பாதி அசைக்க முடியாதது. மறுபாதி இன்னும் உறுதிப்படவில்லை.

குடும்பமா, கிருமியா, தூசா

1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை அறிவிக்கும்வரை, அது குடும்பத்தில் ஓடும் நோய் என்றே ஐரோப்பிய மருத்துவர்கள் பலரும் நம்பினார்கள். கிருமி கண்ணில் பட்டதும் பரம்பரைப் பேச்சு பின்வாங்கியது. ஆனால் முற்றிலும் அடங்கவில்லை. கிருமி நுழைந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை என்பது விரைவிலேயே தெரிந்துபோனது. 1929–30இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் காசநோய்க் கிருமி கலந்துபோன பி.சி.ஜி. மருந்து சுமார் 250 பச்சிளங் குழந்தைகளுக்குப் புகட்டப்பட்டது. 72 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பிழைத்தார்கள். பிழைத்தவர்களின் உடலில் ஏதோ பிறவிக் காப்பு இருந்தது என்று இதை மேற்கோள் காட்டுவோர் இன்றும் உண்டு. எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவு கிருமி போகவில்லை என்பதை அவர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

இரட்டையர் ஆய்வுகள் இன்னும் நேரான சான்று தந்தன. 1943இல் நியூயார்க்கில் கால்மனும் ரைஸ்னரும், ஒருகரு இரட்டையரில் ஒருவருக்குக் காசநோய் வந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு, இருகரு இரட்டையரைவிட மிக அதிகம் என்று காட்டினார்கள். ஒருகரு இரட்டையர் ஒரே படுக்கையில் அதிகம் உறங்குவார்கள், அதிகம் ஒட்டி வாழ்வார்கள் என்ற எதிர்வாதம் உடனே எழுந்தது. 1978இல் ஜார்ஜ் காம்ஸ்டாக், பிரிட்டனில் திரட்டப்பட்டிருந்த இரட்டையர் தரவை இத்தகைய காரணிகளைக் கழித்து மறுபடி அலசினார். இடைவெளி குறைந்தது, ஆனால் ஏறத்தாழ இருமடங்கு வேறுபாடு எஞ்சியது.

சென்னை தந்த பதில் வேறு திசையிலானது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் ஒரு நோயாளிக் குழுவை மருத்துவமனையிலும் மற்றொன்றை நெருக்கடியான வீடுகளிலும் வைத்துச் சிகிச்சை தந்தது. 1959இல் முடிவு வெளியானபோது, மருந்து ஒழுங்காகச் சென்றால் நல்ல உணவும் ஓய்வும் இல்லாத வீட்டு நோயாளிகளும் ஏறக்குறைய அதே அளவு குணமடைவது தெரிந்தது. யார் நோயில் விழுகிறார்கள் என்பதற்கு இது பதிலல்ல. ஆனாலும் உலகத்தின் கவனம் மருந்துப் பக்கம் திரும்பிற்று. யாருக்கு ஏன் என்ற கேள்வி சில பத்தாண்டுகள் ஓரத்தில் கிடந்தது.

தோட்டங்களுக்கே உரிய மூன்றாவது பதில் தூசு. இலங்கை மருத்துவர் சி. ஜி. உரகொட, தேயிலைத் தயாரிப்பாளருக்கு வரும் ஆஸ்துமாவைப் பற்றி 1970இல் எழுதினார். பத்தாண்டு கழித்து தேயிலைத் தொழிலாளர்களின் சுவாச நோய்களை விரிவாக ஆராய்ந்தார். சலிக்கும்போதும் கலக்கும்போதும் பறக்கும் பஞ்சு போன்ற மென்தூசுதான் அவருடைய சந்தேகத்தின் மையம். ஜப்பானில் ஷிராய் குழுவினர் 1994இல் பச்சைத் தேயிலையின் ஒரு பாலிஃபீனாலையே ஆஸ்துமாவின் தூண்டுபொருளாக அடையாளம் காட்டினார்கள். இந்தப் பதிலின் வலிமை கண்கூடு: தூசைக் குறைத்தால் நோய் குறையும். பலவீனமும் கண்கூடு. அதே தூசைச் சுவாசித்த பலருக்கு ஒன்றும் ஆவதில்லை.

நுரையீரலின் சவர்க்காரம்

மனித நுரையீரலில் சராசரியாக 48 கோடி நுண்ணறைகள் உள்ளன. ஒவ்வொன்றின் உட்சுவரும் ஈரமானது. ஈரம் இருக்கும் இடத்தில் பரப்பு இழுவிசை இருக்கும். அந்த விசையைத் தணிக்க ஒன்றும் இல்லாவிட்டால், ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் சிறிய அறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். சவர்க்காரம் நீரின் இறுக்கத்தைத் தளர்த்துவதைப் போல, சர்ஃபாக்டன்ட் அந்த விசையைத் தளர்த்துகிறது. இதில் சுமார் 90 விழுக்காடு கொழுப்பு, மீதி புரதம். நுண்ணறைச் சுவரின் இரண்டாம் வகை உயிரணுக்களே இதைச் சுரக்கின்றன.

தோட்டத்து வாசகருக்கு இந்த உயிரணுக்களோடு வேறொரு வழியில் தொடர்பு உண்டு. களைக்கொல்லியான பாராகுவாட் உடலுக்குள் போனால் நுண்ணறை உயிரணுக்கள் அதைத் தாமாகவே உறிஞ்சிச் சேர்த்துக்கொள்கின்றன. விழுங்கியவர்கள் பெரும்பாலும் நுரையீரல் அழிந்தே இறப்பது அதனால்தான்.  

சர்ஃபாக்டன்டின் வரலாறு 1929இல், நீர் நிரப்பிய நுரையீரல் காற்று நிரப்பியதைவிட எளிதில் விரிகிறது என்று குர்ட் ஃபோன் நெயர்கார்டு கண்டதில் தொடங்குகிறது. அதை ஏறத்தாழ கால் நூற்றாண்டு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1959இல் பாஸ்டனில் மேரி எலன் ஏவரியும் ஜியர் மீடும், மூச்சுத்திணறி இறக்கும் குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் இந்தப் படலம் போதாமல் இருப்பதைக் காட்டினார்கள். 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பாட்ரிக் பிறந்து 39 மணி நேரத்தில் இறந்தது இதே குறையால். 1980இல் ஜப்பானின் ஃபுஜிவாரா மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைப் பத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்தி, சிகிச்சைக்கு வழி திறந்தார்.

புரதங்கள் நான்கு: எஸ்.பி.-ஏ, எஸ்.பி.-பி, எஸ்.பி.-சி, எஸ்.பி.-டி. இவற்றுள் ‘பி’யும் ‘சி’யும் கொழுப்போடு சேர்ந்து படலத்தைப் பரப்பும் வேலைக்காரர்கள். ‘ஏ’யும் ‘டி’யும் காவல்காரர்கள், கிருமி, பூஞ்சை, மகரந்தம் ஆகியவற்றின் மேலுள்ள சர்க்கரைகளைப் பற்றிக்கொண்டு, அவற்றைத் தின்னும் உயிரணுக்களிடம் ஒப்படைப்பவை. இந்த வேலைப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்வரும் ஆய்வுகளின் முரண்பாடுகள் புரியும்.

பிழை பெரிதானால் ஐயமில்லை

இந்த மரபணுக்களில் பெரிய பிழை நேர்ந்தால் அதுவே நோயைக் கொண்டுவரும் என்ற முதல் நிலைப்பாட்டில் சர்ச்சைக்கு இடமே இல்லை. 1993இல் லாரன்ஸ் நோகியும் உடன் உழைத்தோரும், நிறைமாதத்தில் பிறந்தும் மூச்சுவிட முடியாமல் இறந்த ஒரே குடும்பத்துக் குழந்தைகளிடம் எஸ்.பி.-பி அறவே இல்லாததைக் கண்டார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய். 2001இல் அதே ஆய்வாளர், எஸ்.பி.-சி மரபணுவில் ஏற்பட்ட பிறழ்வு ஒரு தாயையும் அவருடைய குழந்தையையும் தாக்கியதை விவரித்தார். இங்கே ஒரு பழுதான பிரதியே போதும். அடுத்த ஆண்டு ஐந்து தலைமுறை கொண்ட ஒரு குடும்பத்தில் இதே மரபணுவின் மற்றொரு பிறழ்வு சிலரைக் குழந்தைப் பருவத்திலும் சிலரை நடுவயதிலும் தாக்கியது தெரியவந்தது. 2004இல் ஏ.பி.சி.ஏ.3 என்ற கொழுப்புக் கடத்தி மரபணுவும், 2009இல் எஸ்.பி.-ஏயை எழுதும் இரு மரபணுக்களில் ஒன்றான எஸ்.பி.-ஏ2வும் இந்தப் பட்டியலில் சேர்ந்தன. கடைசியில் சொன்ன பிறழ்வு நுரையீரல் நார்த்திசு நோயையும் புற்றுநோயையும் ஒரே குடும்பத்தில் கொண்டுவருகிறது.

ஒரே பிறழ்வு ஒருவரைக் கைக்குழந்தையாகவும் மற்றொருவரை ஐம்பது வயதிலும் தாக்குவது ஏன் என்பதற்கு இந்த ஆய்வுகளிலும் முழு விடை இல்லை. தொற்று, புகை, பிற மரபணுக்கள் என்று ஊகங்கள் உண்டு.

இந்த நோய்கள் மிக அரியவை. சலிக்கும் அறையின் இளைப்பை இவற்றால் விளக்க முடியாது. ஆயினும் தமிழ்க் குடும்பங்களுக்கு இங்கே ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் கால்வாசிக்கு மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடப்பவை என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு பதிவுசெய்தது. மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டமும் இந்துக்கள் வழக்கப்படி அக்காள் மகளையோ தாய்மாமனையோ மணப்பதை விலக்காமல் அனுமதிக்கிறது. எஸ்.பி.-பி, ஏ.பி.சி.ஏ.3 குறைபாடுகளைப் போல இருபக்கப் பழுது தேவைப்படும் நோய்களுக்கு, உறவுத் திருமணம் வாய்ப்பைக் கூட்டும். 2017இல் 263 தெற்காசியச் சமூகங்களின் மரபணுக்களை அலசிய ஆய்வு, 81 சமூகங்களில் சிறு மூதாதையர் குழுவின் தடம் ஃபின்லாந்து மக்களைவிட ஆழமாகப் பதிந்திருப்பதாகக் கண்டது. கங்காணியின் பின்னால் ஊரும் உறவுமாகக் கப்பலேறியவர்களின் வழிவந்த தோட்டச் சமூகத்தில் இந்தத் தடம் மேலும் குறுகியிருக்கலாம், அல்லது பல ஊர்க்காரர் கலந்ததால் தளர்ந்திருக்கலாம். இரண்டுக்கும் காரணம் சொல்ல முடியும்.

சிறு வேறுபாடுகளின் பெரிய குழப்பம்

சர்ச்சை தொடங்குவது இரண்டாவது நிலைப்பாட்டில். மக்கள்தொகையில் பரவலாக இருக்கும், தனியே எந்த நோயையும் உண்டாக்காத எழுத்து மாற்றங்கள் நோய் வரும் வாய்ப்பைக் கூட்டிக் குறைக்கின்றனவா?

முதல் சான்றுகள் ஃபின்லாந்தின் ஊலு நகரிலிருந்தும், எஸ்.பி.-ஏயின் முப்பதுக்கும் மேற்பட்ட வடிவங்களை வகைப்படுத்திய ஜோஆனா ஃப்ளோரோஸின் அமெரிக்க ஆய்வகத்திலிருந்தும் வந்தன. 2000இல் ஃப்ளோரோஸ் குழு, மெக்சிகோ காசநோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சர்ஃபாக்டன்ட் மரபணு வடிவங்கள் பிரித்துக்காட்டுவதாக எழுதியது. இந்தியாவில் இதே கேள்வியை முதலில் எடுத்தவர்கள் டெல்லியின் பி. உஷா சர்மாவும் தருணா மதனும். 2002இல் அவர்கள் இந்தியக் காசநோயாளிகளிடம் எஸ்.பி.-ஏ1, எஸ்.பி.-ஏ2 மரபணுக்களின் கொலாஜன் பகுதி வேறுபாடுகளுக்கும் நோய்க்கும் தொடர்பு கண்டார்கள். மறு ஆண்டு, ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையால் வரும் ஒவ்வாமை நுரையீரல் நோயில், எஸ்.பி.-ஏ2வின் வேறுபாடுகள் ரத்தத்தில் ஐ.ஜி.இ. எதிர்ப்பொருள் கூடுவதோடு சேர்ந்துவருவதாக வெளியிட்டார்கள். ஈரக்காற்றும் பூஞ்சையும் நிறைந்த மலைத்தோட்டங்களுக்கு நெருக்கமானது, காசநோய் ஆய்வைவிட, இந்தப் பூஞ்சை ஆய்வுதான் என்று தோன்றுகிறது. எத்தியோப்பியக் குடும்பங்களில் 2006இல் மீண்டும் காசநோய்த் தொடர்பு காணப்பட்டது. ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் முன்னுக்கு வந்த எழுத்து மாற்றங்கள் ஒன்றாக இல்லை.

எஸ்.பி.-டி கதை இதைவிடச் சுவையானது, ஏனெனில் இங்கே ஒரே ஒரு மாற்றத்தைப் பின்தொடர முடிகிறது. இப்புரதத்தின் 11ஆம் இடத்தில் சிலருக்கு மெத்தியோனின், சிலருக்குத் திரியோனின். டென்மார்க்கின் லெத்-லார்சன் குழு 2005இல் காட்டியபடி, இருபக்கமும் திரியோனின் பெற்றவர்களின் ரத்தத்தில் எஸ்.பி.-டி அளவும் குறைவு. புரதங்கள் கொத்தாகச் சேர்வதும் குறைவு. கொத்தாகச் சேர்ந்தால்தான் கிருமியை இறுகப் பிடிக்க முடியும். ரத்தத்தில் எஸ்.பி.-டி அளவு ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு பரம்பரையால் வருவது என்று டேனிஷ் இரட்டையர் ஆய்வு முன்பே மதிப்பிட்டிருந்தது.

அப்படியானால் திரியோனின்தான் தீமை, மெத்தியோனின் நன்மை என்று முடிவுகட்டிவிடலாமா? 2022இல் கோவிட் நோயைப் பற்றிய உலகளாவிய மரபணுக் கூட்டாய்வு அடையாளம் கண்ட 23 இடங்களில் இதுவும் ஒன்று. மருத்துவமனை செல்லும் அளவுக்கு நோய் முற்றும் வாய்ப்பைத் திரியோனின் வடிவம் கூட்டியது. 2017இல் ஓபெய்டாட் குழு, மரபணு வழியாக எஸ்.பி.-டி அளவு கூடியவர்களுக்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயின் வாய்ப்பு குறைவு என்று கணித்தது. அவ்வாண்டே வெளியான வேறொரு பெரிய ஆய்விலும் இந்த மரபணு இருக்கும் இடம் அந்நோயோடு தொடர்புற்று வெளிப்பட்டது. ஆனால் 2002இல் ஊலுவில் லாதி குழு, ஆர்.எஸ்.வி. வைரஸால் கடுமையாக நோயுற்ற கைக்குழந்தைகளிடம் அதிகம் கண்டது மெத்தியோனின் வடிவத்தைத்தான்.

கிருமிக்குக் கிருமி காவல்காரரின் பயன் மாறலாம். சோதனைக்குழாயில் எஸ்.பி.-ஏ காசநோய்க் கிருமியை, கிருமி தின்னும் மேக்ரோஃபேஜ் உயிரணுக்களுக்குள் கூட்டியனுப்புகிறது. எஸ்.பி.-டியோ அப்படி நுழைவதைத் தடுக்கிறது என்று 1999இல் ஃபெர்கசன் குழு காட்டிற்று. மேக்ரோஃபேஜின் உள்ளேதான் அந்தக் கிருமி குடியிருக்கிறது. எனவே ‘கூடுதல் காவல்’ எப்போதும் நல்லது என்ற எண்ணமே இங்கே பொருந்தாது.

எங்கே ஆட்டம் காண்கிறது

ஐயங்கள் எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல. பழைய ஆய்வுகள் பெரும்பாலும் சில நூறு பேரையோ அதற்கும் குறைவானவர்களையோ கொண்டவை; தொடர்பு தெரிந்தவை அச்சேறின, தெரியாதவை இழுப்பறையில் தங்கின. எஸ்.பி.-ஏ1, எஸ்.பி.-ஏ2 இரண்டும் ஒன்றையொன்று அச்சாக ஒத்த மரபணுக்கள் என்பதால், எந்த எழுத்து எதனுடையது என்று பிரிப்பதே தொழில்நுட்பச் சிக்கல். ரத்த அளவும் நம்பத்தகாத சாட்சி: புகைப்பவரின் நுரையீரல் கசியும்போது ரத்தத்தில் எஸ்.பி.-டி ஏறுகிறது, நுரையீரலிலோ குறைகிறது. போதாக்குறைக்கு, நோயாளிகளும் ஒப்பீட்டுக்காரர்களும் வெவ்வேறு சாதி, வட்டாரத்தவராக இருந்தால், சமூக வேறுபாடே மரபணுத் தொடர்பாக வேடமிடும். இந்திய ஆய்வுகளுக்கு இது கடைசிக் கவலை அல்ல, முதற் கவலை.

சேத்துப்பட்டு மையத்தின் அனுபவம் இதற்கு நல்ல பாடம். பி. செல்வராஜ் குழு 1999இல், சர்ஃபாக்டன்ட் காவல்காரர்களின் நெருங்கிய உறவான மேனோஸ்-பிணைப்பு லெக்டின் புரதம் பழுதான இரு பிரதிகள் உடையவர்களிடம் காசநோய் அதிகம் என்று கண்டது. டென்மார்க்கில் 2003இல் ஒரு பழுதான பிரதி காசநோயிலிருந்து காப்பதாகத் தோன்றியது. இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்க முடியும். இரண்டும் தற்செயலாகவும் இருக்க முடியும். இதற்கு மாறாக, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆர்.எம். பிச்சப்பன் குழு 1991இல் சுட்டிய, நோயெதிர்ப்பில் பங்குகொள்ளும் எச்.எல்.ஏ. மரபணுப் பகுதி காலத்தைத் தாண்டியிருக்கிறது. 14,000க்கும் மேற்பட்ட காசநோயாளிகளைப் பல கண்டங்களிலிருந்து சேர்த்து 2024இல் வெளியான கூட்டாய்வில் தலைதூக்கிய இடம் எச்.எல்.ஏ. பகுதிதான். சர்ஃபாக்டன்ட் மரபணுக்கள் புள்ளியியல் உறுதிக்கான வரம்பை எட்டவில்லை.

ஆக, காசநோயைப் பொறுத்தவரை சர்ஃபாக்டன்ட் வாதம் இன்று பலவீனமானது. நாட்பட்ட அடைப்பு நோயிலும் கோவிடிலும் எஸ்.பி.-டிக்கு இருக்கும் சான்று அதைவிடத் திடமானது. ஆனால் அங்கும் ஒரு வடிவம் சேர்க்கும் ஆபத்து சிறியது. புகையிலையோ மூடிய அறையின் தூசோ சேர்க்கும் ஆபத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அது எடுபடாது. ஆண்டுக்குச் சுமார் 25,000 காசநோயாளிகள் பதிவாகும் மலேசியாவில் மரபணுச் சோதனையைவிடச் சளிச் சோதனையே இன்னும் நீண்டகாலம் பயன் தரும்.

தீராத கேள்விகள்

மரபணுவும் தூசும் சேர்ந்து என்ன செய்கின்றன என்பது முதற் கேள்வி. எஸ்.பி.-டி மரபணு நீக்கப்பட்ட எலிகளின் நுண்ணறைகள் தூசு எதுவும் போடாமலே அழற்சி கண்டு விரிந்து சிதைகின்றன. மனிதரில் புரதம் இல்லாமல் போவதில்லை, குறைகிறது. அந்தக் குறைவு தேயிலைத் தூசையோ பூஞ்சைத் துகளையோ சந்திக்கும்போது என்ன ஆகும் என்பதை, வேலைக்குச் சேரும் நாளிலிருந்து தொழிலாளரைப் பின்தொடர்ந்து, அறையின் தூசையும் அளந்து வரும் ஆய்வால்தான் சொல்ல முடியும். நோயுற்றபின் ரத்தம் எடுத்து ஒப்பிடும் முறைக்கு அந்தத் திறன் இல்லை. உடல்நலம் குன்றியவர்கள் முன்கூட்டியே வேலையை விட்டுவிடுவதால், தொழிற்சாலைக்குள் எஞ்சுவோரைப் பார்த்து எடுக்கும் கணக்கு எப்போதும் நோயைக் குறைத்தே காட்டும்.

இரண்டாவது கேள்வி, யாருடைய மரபணு என்பது. உலகின் பெரிய மரபணு ஆய்வுகளில் ஐரோப்பிய வழியினரே மிகுதி. நுரையீரல் நார்த்திசு நோய்க்கு ஐரோப்பியரிடம் மிக வலுவான ஆபத்துக் காரணியாக 2011இல் கண்டறியப்பட்ட எம்.யூ.சி.5பி மரபணு மாற்றம் கிழக்காசியரிடம் அரிது. ஓரிடத்துப் பட்டியலை மற்றோர் இடத்துக்குத் தூக்கிச் செல்ல முடியாது என்பதற்கு அதுவே சான்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மலாய், சீன, இந்தியர்களைச் சேர்த்த ‘மலேசியன் கோஹார்ட்’, பத்தாயிரம் மரபணுத்தொகுதிகளைப் படித்த ‘ஜீனோம் இந்தியா’ ஆகியவை இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டக்கூடும். இதற்கிடையே மலேசியத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் இன்று வங்காளதேசத்தவர், நேபாளியர், இந்தோனேசியர். தமிழ்த் தொழிலாளரை வைத்து எழுந்த கேள்வி இனி அவர்களுடைய நுரையீரலிலும் கேட்கப்பட வேண்டியது. ஒப்பந்தக்காலம் முடிந்து ஊர் திரும்பிவிடும் அவர்களைப் பத்தாண்டு பின்தொடர்வது எப்படி என்பதற்கு எந்த ஆய்வுத் திட்டத்திலும் எளிய வழி கிடையாது.

மூன்றாவது, மருந்து. ஆய்வகத்தில் செய்த எஸ்.பி.-டி துண்டுகள் பூஞ்சை ஒவ்வாமை கொண்ட எலிகளைக் காத்ததை இந்திய, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இரு பத்தாண்டுக்கு முன்பே காட்டினார்கள். குறைமாதக் குழந்தைகளின் நுரையீரல் பாதிப்பைத் தடுக்க முழு எஸ்.பி.-டியைப் போன்ற மருந்து மனிதச் சோதனைக்கு வந்திருக்கிறது. குறைவாகச் சுரப்பவருக்குக் கொடுத்தால் மட்டும் பலன் உண்டா, எல்லோருக்கும் உண்டா என்பது தெரிந்தால், 11ஆம் இடத்து எழுத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கு முதன்முறையாக ஒரு மருத்துவக் காரணம் கிடைக்கும்.